நல்ல பாட்டுக்கு வரி முக்கியமா, வித்தை முக்கியமா? எங்க ரெண்டு பேர் பஞ்சாயத்தை கொஞ்சம் தீர்த்து வைங்க

மெட்டுக்காரப்பய:
வணக்கம் மக்களே, ரொம்ப நாளா ஓரமா நின்னு படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்போ ஒரு பஞ்சாயத்து. நானும் என் காலேஜ் ஃப்ரெண்டும் சேர்ந்து சொந்தமா பாட்டு பண்றோம், சினிமாவுக்கு இல்ல, யூடியூப்ல போடத்தான். மெட்டு, கீபோர்ட், ப்ரோக்ராமிங் எல்லாம் நான், வரி அவ. புதுப் பாட்டுல பல்லவி சாதா நாலு கணக்கு, சரணம் 7/8, அதாவது ஏழு கணக்கு, ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி சுருதிய அரை ஸ்வரம் மேல ஏத்தியிருக்கேன், இன்டர்லூட்ல ஸ்ட்ரிங்ஸ்க்கு கவுன்டர்பாயின்ட் (ஒரு மெட்டோட கூடவே ஓடுற இன்னொரு மெட்டு) எழுதுறேன்னு நைட்டெல்லாம் உக்காந்தேன். அவ முழுசா கேட்டுட்டு "நல்லாருக்கு, ஆனா பாட்டு எங்க?"ன்னு கேட்டா. எனக்கு சுள்ளுன்னு ஏறிடுச்சு. கொரியன் பாட்டை ஒரு வரி புரியாம பாதி ஊரு பாடிட்டு திரியுது, அப்புறம் வரிக்கு என்ன இவ்ளோ பில்டப்புன்னு நானும் விட்டேன் ஒண்ணு. அன்னைலேர்ந்து பேச்சு கொஞ்சம் கம்மி. நீங்களே சொல்லுங்க, கடைசில நிக்கிறது எது?

சும்மா ஒரு ரசிகன்:
இதுல என்ன ப்ரோ டவுட்டு, வரி தான். தங்க மீன்கள்ல ஆனந்த யாழை பாட்ட எடுத்துக்கோங்க, 2013 படத்துக்கு நா.முத்துக்குமாருக்கு தேசிய விருது வாங்கிக் கொடுத்த பாட்டு, யுவன் அதுல என்ன சர்க்கஸ் பண்ணிட்டார், அடக்கி ஒதுங்கி நின்னுக்கிட்டார் அவ்ளோதான். பொண்ணு பொறந்த வீட்டுல அந்தப் பாட்டை ஸ்டேட்டஸ்ல வைக்காத அப்பன் எவனாச்சும் உண்டா? யாராச்சும் "ஆஹா என்ன கார்ட் ப்ரோக்ரெஷன்"னு சொல்லி அழுது பாத்திருக்கீங்களா?

ஸ்கேல்சேஞ்ச்:
@சும்மா ஒரு ரசிகன் அடக்கி ஒதுங்கி நிக்கிறது வித்தை இல்லன்னு யாரு சொன்னா? அந்த வரியை ஆறாங்கிளாஸ் மனப்பாடச் செய்யுள் மாதிரி வேகமா ஒப்பிச்சுப் பாருங்க, அப்போ எத்தனை அப்பன் அழறான்னு பாப்போம். அப்புறம் எங்க வீட்டுக்கு மார்கழில வாங்க, தெலுங்குல தண்ணி கேக்கத் தெரியாத மாமாக்கள் எல்லாம் எந்தரோ மஹானுபாவுலுக்கு கண்ணு கலங்கி உக்காந்திருப்பாங்க. அவங்களை எது கலங்க வைக்குது, அர்த்தமா? ஸ்ரீ ராகம் சார்.

இன்னொண்ணு. சிந்து பைரவில கலைவாணியே பாட்டு, 1985. கல்யாணி ராகத்துல ஆரோகணத்தை மட்டும் வச்சு போட்டது, அதாவது ஸ்வரம் ஏறிட்டே போகும், இறங்கி வராது. இறங்காம ஒரு முழுப் பாட்டு போடுறது எவ்ளோ பெரிய வேலைன்னு ஒரு தடவ வாய்ப்பாட்டு கத்துக்கிட்டவன கேளுங்க. நானெல்லாம் அதை கேக்குறதே அதுக்காகத்தான், வரில என்ன இருக்குன்னு கேட்டா நாலு வார்த்தைக்கு மேல சொல்லத் தெரியாது.

மெட்டுக்காரப்பய:
@ஸ்கேல்சேஞ்ச் தெய்வமே, இத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அவளுக்கு அனுப்புறேன்.

சும்மா ஒரு ரசிகன்:
ஆரோகணம் மட்டும்னு நீங்க சொல்லித்தான் எனக்கு இப்போ தெரியும் 😂 நாப்பது வருசமா ஊரே கேட்டுட்டு இருக்கு, நூத்துல தொண்ணூத்தஞ்சு பேருக்கு அது தெரியாது, பிடிக்குது. அப்போ பிடிச்சதுக்கு காரணம் அந்த வித்தையாவும் இருக்க முடியாதே?

தவில்வீட்டுத் தாத்தா:
பிள்ளைகளா, இந்தச் சண்டைக்கு எண்பது வயசு ஆச்சு, நீங்க புதுசா ஒண்ணும் ஆரம்பிக்கல. 1943ல சென்னையில தமிழ் இசைச் சங்கம் ஆரம்பிச்சப்போ இதே பேச்சுத்தான். ராஜா அண்ணாமலைச் செட்டியார் ஒரு பக்கம் காசைப் போட்டு நின்னார், எழுத்தாளர் கல்கி பத்திரிகையில எழுதிக் குவிச்சார், டி.கே.சி., ராஜாஜி எல்லாம் அந்தப் பக்கம். பாடுறது தமிழ்ல இருக்கணும், கேக்குறவனுக்குப் புரியணும்னு இவங்க, சங்கீதத்துக்கு பாஷை ஏதுன்னு அவங்க. ரெண்டு பக்கமும் வீம்புக்குப் பேசினதும் உண்டு. புரியாத பாட்டுக்கும் மனசு உருகும், அதை நான் கச்சேரியில உக்காந்து பார்த்தவன். ஆனா உருகுறதுக்கும், வீட்டுக்குப் போய் மாடு கட்டும்போது வாய் தானா பாடுறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

தம்பி மெட்டுக்காரப்பய, உனக்கு ஒரு விஷயம் சொல்றேன். பாரதியாரோட சின்னஞ்சிறு கிளியே எல்லாருக்கும் தெரியும். அதுக்கு பாரதியாரே ராகம் போட்டு வச்சிருக்கார், பைரவி, தாளம் ரூபகம், ஸ்வரம் கூட எழுதி, இதை மாதிரியா வச்சுக்கிட்டு மனோபாவப்படி மாத்திப் பாடிக்கோங்கன்னு குறிப்பும் போட்டிருக்கார். இன்னைக்கு யாராவது அந்த பைரவியில பாடிக் கேட்டிருக்கியா? 1951ல மணமகள் படத்துக்கு சி.ஆர்.சுப்பராமன் ராகமாலிகையா போட்டார், காபியில ஆரம்பிச்சு ராகம் ராகமா போகும், எம்.எல்.வசந்தகுமாரி பாடினாங்க. அப்புறம் கச்சேரி மேடை, கல்யாண வீடு, ஸ்கூல் பாட்டுப்போட்டி எங்க பார்த்தாலும் அந்த மெட்டுத்தான். வரி அதே வரி, எழுதினவர் மகாகவி, அவர் போட்ட மெட்டையே ஜனங்க ஓரமா வச்சுட்டாங்க. வரி மட்டும் போதும்னா அவர் மெட்டே நின்னிருக்கணும். மெட்டு மட்டும் போதும்னா சுப்பராமன் அந்தப் பழைய பாட்டைத் தேடிப் போயிருக்கவே வேண்டாமே.

ஸ்கேல்சேஞ்ச்:
ஐயா பைரவி விஷயம் எனக்கு புதுசு, நன்றி. ஆனா இது என் கட்சிக்கு பாயின்ட்டுன்னு தான் எடுத்துக்குவேன், மன்னிச்சுக்கோங்க.

தவில்வீட்டுத் தாத்தா:
எடுத்துக்கோ, எனக்கென்ன. மனோபாவப்படி மாத்திக்கோன்னு சொன்னவர் எழுதும்போதே ஜன்னலைத் திறந்து வச்சுட்டுத்தான் எழுதியிருக்கார், அதையும் சேர்த்து எடுத்துக்கோ.

புளியந்தோப்பு பீட்:
இன்னாபா எல்லாரும் ராகம் தாளம்னு பேசினுகிறீங்கோ. எங்க ஏரியாக்கு வந்து ஒரு கானா கேளுங்க, அதுவும் சாவு வூட்டு கானா. ஒரு டோலக்கு, ஒரு சட்டி, அதுவும் இல்லாட்டி தீப்பெட்டிய தட்டினே பாடுவாங்க. செத்தவர் யாரு, எந்த ஷெட்ல வேல பாத்தாரு, யாருக்கு கடன் குடுத்தாரு, பொண்டாட்டிய எப்டி வச்சினு இருந்தாருன்னு உக்காந்த எடத்துலயே வரி கட்டுவாங்கோ, மெட்டு என்னமோ ஊருக்கே தெரிஞ்ச அதே மெட்டுதான், புதுசு ஒண்ணும் கெடையாது. ஆனா விடியற வரைக்கும் ஒருத்தர் எந்திரிக்க மாட்டாங்கோ. இதுக்கு இன்னா பேரு வப்பீங்கோ, வித்தை இல்லன்னா?

ஸ்கேல்சேஞ்ச்:
அது இம்ப்ரொவைசேஷன் ப்ரோ, செம்ம வித்தை, ஆனா அது மியூசிக் ஸ்கில் இல்ல, சொல் ஸ்கில்.

புளியந்தோப்பு பீட்:
அக்காங், தாளத்த வுடாம, எதுகைய வுடாம, அழுதுனு இருக்கிற பொம்பள மூஞ்சிய பாத்துனே அடுத்த வரி கட்டுறான், நீ ஒரு தபா பண்ணி காட்டு, அப்பால இது எந்த ஸ்கில்லுன்னு பேசலாம்.

கடலோரக் காகம்:
நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கத்தில நித்தி கனகரத்தினத்தின்ர சின்ன மாமியே பாட்டு தெரியாத ஆக்கள் இல்லை. பைலா அடி, எங்கட இலங்கை ஆட்டப் பாட்டுத் தாளம், கிட்டார்ல ரெண்டு மூண்டு கோட் தெரிஞ்ச பெடியள் எல்லாரும் அடிப்பினம். வரியும் பெரிய தத்துவம் ஒண்டும் இல்லை, மாமியிட்ட மகள் எங்க எண்டு கேக்கிற பாட்டு. வித்தையும் இல்லை, கவிதையும் இல்லை, ஆனா கலியாண வீட்டில ஒருத்தர் துவங்கினா கிழடு கட்டையெல்லாம் சேர்ந்து பாடும். எனக்கு விளங்கினது என்னெண்டா, அந்தப் பாட்டில சனம் கதைக்கிற தமிழ் அப்பிடியே தாளத்தில விழுது, இழுத்துப் பிடிச்சு பாடத் தேவையில்லை. உங்கட ஃப்ரெண்ட் "பாட்டு எங்க" எண்டு கேட்டது இதைத்தானோ தெரியாது.

ட்ராக் பாடுறவ:
நான் ட்ராக் சிங்கர், இசையமைப்பாளர்கள் அனுப்புற மெட்டுக்கு முதல்ல "லாலா"வும் டம்மி வரியும் பாடிக் கொடுக்குற ஆளு, அதனால ரெண்டு பக்கத்து அழுக்குத் துணியும் எனக்குத் தெரியும். இப்படி பொதுவா பேசினா இந்த இழை பொங்கல் வரைக்கும் ஓடும். @மெட்டுக்காரப்பய உங்க பல்லவிய போடுங்க, தத்தகாரத்தோட, அதான் அந்த "தன தானன"வோட. எந்த நோட் எவ்ளோ நேரம்னும் சொல்லுங்க.

மெட்டுக்காரப்பய:
சரிக்கா. மெட்டு "தன தன்ன தனனா தானனா", ரெண்டு வரிக்கும் அதே. அந்த "தா" மேல் ஸ ல, மூணு பீட் நிக்கும், அதான் பாட்டோட உச்சம், அதுக்கு கீழ கார்ட் (ஒண்ணா சேர்த்து அமுக்குற ஸ்வரங்கள்) மாறிக்கிட்டே இருக்கும். வரி:

மழை விட்ட தெருவில் நிற்கிறேன்
உன் வீட்டு விளக்கைப் பார்க்கிறேன்

ட்ராக் பாடுறவ:
இப்போ பாடிப் பாத்தேன். தம்பி, உன் மெட்டுல கோளாறு இல்ல, அவ வரிலயும் கோளாறு இல்ல, ரெண்டும் பாத்துக்கவே இல்ல. மூணு பீட் நிக்கிற எடத்துல "நிற்" வந்து உக்காந்திருக்கு. "ற்"ல யாராலயும் நிக்க முடியாது, அது கதவச் சாத்துற சத்தம். அப்போ பாடுறவ என்ன பண்ணுவா, "நி"ய இழுப்பா, "நீ...ற்கிறேன்"னு வரும். கேக்குறவனுக்கு "நீ"ன்னு காதுல விழும், நீ யாரு, எங்க வந்தேன்னு மூளை ஒரு செகண்ட் முழிக்கும், அதுக்குள்ள உன் அழகான கார்ட் ரெண்டும் போயிடும். உன் உச்சத்த அவன் கேக்கவே இல்ல. ரெண்டாவது வரில "பார்"ல நெடில் இருக்கு, அங்க பாட்டு தானா நிக்குது பாரு. அதே மெட்டு தான்.

இப்போ இப்படி வச்சுப் பாரு, வரி என்னோடதுன்னு சொல்லல, சும்மா சாம்பிளுக்கு:

மழை விட்ட தெருவில் யாருமே
இல்ல, உன் விளக்கு பாக்குதே

"யா"ல மூணு பீட் எவ்ளோ வேணாலும் நில்லு, வாய் தொறந்தே இருக்கு. அதைவிட முக்கியம், "யாருமே"ன்னு சொல்லி நிறுத்தினா அந்த வாக்கியம் முடியல. யாருமே என்ன? வந்தாங்களா, போனாங்களா, இருக்காங்களா? கேக்குறவன் காதத் தீட்டிக்கிட்டு நிப்பான், உன் கார்ட் மாறுறது அப்போ தான் அவனுக்கு உறைக்கும். அப்புறம் "இல்ல"ன்னு கீழ விழு. நீ ராத்திரி முழுக்க உக்காந்து போட்டதுக்கு அப்போ தான் ஒரு அர்த்தம் வருது.

சும்மா ஒரு ரசிகன்:
அக்கா இத படிச்சிட்டு நான் பாத்ரூம்ல போய் பாடிப் பாத்தேன், நிஜமாவே "நீற்கிறேன்"னு தான் வருது 😭

ஸ்கேல்சேஞ்ச்:
ஒத்துக்கிறேன் நல்லாருக்கு, ஆனா சினிமால குறில இழுக்காத பாட்டு எது சொல்லுங்க? எல்லா பெரிய கவிஞரும் பண்ணிருக்காங்க. இலக்கணம் பாத்துட்டு இருந்தா பாட்டு நகராது.

ட்ராக் பாடுறவ:
இழுக்கலாம், தாராளமா. இழுத்தா வேற வார்த்தை ஆயிடக் கூடாது, அவ்ளோதான். "விடு என்றாள்"னு எழுதி "வி"ய இழுத்தா "வீடு என்றாள்", காதல முறிக்கிறாளா இல்ல ஃப்ளாட் புக் பண்ணச் சொல்றாளான்னு தெரியாது. "கொடு"வ இழுத்தா "கோடு". ஆனா "நிலவு"ல "நி"ய கொஞ்சம் இழுத்தாலும் ஒண்ணும் குடி முழுகாது, எல்லாருக்கும் புரியும். மெல்லின ஒற்றுலயும் நிக்கலாம், "ன்", "ம்" எல்லாம் ஹம்மிங்கா மாறிடும், அழகாவே இருக்கும். வல்லினத்துக்கு வேற வேலை இருக்கு, "நிக்க நிக்க", "தட்டித் தட்டி" மாதிரி வேகமா போற எடத்துல போட்டா அதுவே தாள வாத்தியம். இதெல்லாம் யோசிச்சு தெரிஞ்சு எழுதுறவங்க கொஞ்சம் பேர், மீதிப் பேருக்கு காது சொல்லிடும். உக்காந்த எடத்துல பாட்டு சொல்வார் கண்ணதாசன்னு சொல்றாங்களே, அது வார்த்தை ஸ்டாக்கு மட்டும் இல்ல, அந்தக் காது.

தவில்வீட்டுத் தாத்தா:
அம்மா பிரமாதம். ஒரே ஒரு சேர்மானம். ரெண்டாவது வரியில "இல்ல, உன்" எல்லாம் தாளத்து மேல சரியா எடுத்தா கட்டிப் போட்ட மாதிரி இருக்கும். "இல்ல"வை தாளம் விழுறதுக்கு முன்னாடியே எடுத்துடு, அதீத எடுப்பு. "உன்"ல தாளம் விழட்டும். பேசும்போதும் அப்படித்தானே சொல்வோம், "யாருமே"ன்னு இழுத்துட்டு "இல்ல"ன்னு சட்டுனு போட்டுடுவோம்.

அப்புறம் கண்ணதாசன் பேச்சு வந்ததால சொல்றேன். 1975ல அபூர்வ ராகங்கள், அதிசய ராகம் பாட்டு, யேசுதாஸ் பாடினது. மஹதின்னு பாலமுரளிகிருஷ்ணா உண்டாக்கின ராகம், ச க ப நி நாலே ஸ்வரம். நாலு ஸ்வரத்துல ஆலாபனை பண்றதே கஷ்டம், எம்.எஸ்.வி. அதுல சினிமாப் பாட்டு போட்டார். பின்னாடி பாட்டு பைரவிக்குப் போகும், படத்துல அந்த அம்மா பேரும் பைரவி. இதை வித்தைன்னு சொல்றதா வரின்னு சொல்றதா? எனக்கு இன்னைக்கும் பிரிச்சுச் சொல்லத் தெரியல.

ஸ்கேல்சேஞ்ச்:
ஐயா ச க ப நி கீபோர்ட்ல ஒண்ணா அமுக்கினா வெறும் டாமினன்ட் செவன்த் கார்ட். ப்ளூஸ் வாசிக்கிறவன் தினம் நூறு தடவ அமுக்குற கார்ட். அதுல போய் ஒரு ராகத்தைப் பாத்திருக்காரு மனுசன். இன்னைக்கு தூக்கம் போச்சு.

மிக்ஸிங் மன்னாரு:
யாரும் சொல்லாத ஒண்ணு. தம்பி உன் ஸ்ட்ரிங்ஸும் சிம்பலும் 2 லேர்ந்து 5 கிலோஹெர்ட்ஸ்ல கத்திக்கிட்டு இருந்தா க, ச, த எல்லாம் உள்ள அமுங்கிடும், மெய்யெழுத்து வாழுற எடமே அதுதான். உயிரெழுத்து மட்டும் கேக்கும், எவ்ளோ நல்ல வரியா இருந்தாலும் "ஆ ஈ ஊ"ன்னு தான் வெளிய வரும். குரல் வர்ற நேரத்துல ஸ்ட்ரிங்ஸ அந்த ரேஞ்ச்ல ரெண்டு மூணு டிபி இறக்கு. கவுன்டர்பாயின்ட்ட இன்டர்லூட்ல காட்டிக்கோ, பாடும்போது வாய மூடு. பாதி சண்டை அங்கயே தீரும். வரி சரியில்லன்னு சொல்ற பல பாட்டுல வரி கேக்கவே இல்ல, அதான் உண்மை.

சும்மா ஒரு ரசிகன்:
எல்லாம் சரி, நாளைக்கு பாட்டு ஹிட்டாச்சுன்னா காசு யாருக்கு 😂 2024ல இளையராஜா பாட்டு உரிமை கேஸ்ல கோர்ட்லயே, வரி இல்லாம பாட்டு ஏது, பாடலாசிரியரும் உரிமை கேட்டா என்ன பண்ணுவீங்கங்கிற மாதிரி கேள்வி வந்துச்சு, அதே சமயம் வைரமுத்து மேடைல இசையும் மொழியும்னு பேச, கங்கை அமரன் பதிலடி கொடுக்க, ஒரு வாரம் ஊரே ரெண்டு பட்டுச்சு, ஞாபகம் இருக்கா?

மிக்ஸிங் மன்னாரு:
அந்தச் சண்டைய இங்க இழுக்காதீங்க, மாடரேட்டர் பூட்டிடுவார். @மெட்டுக்காரப்பய 2012ல காப்பிரைட் சட்டத்த திருத்தினாங்க, எழுதினவருக்கும் மெட்டு போட்டவருக்கும் ராயல்டி பங்கு உண்டு, அத அப்படியே எழுதி வாங்கிட முடியாது. ரிலீஸ் பண்றதுக்கு முன்னாடி யாருக்கு எவ்ளோன்னு ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக்கோங்க. ஃப்ரெண்டா இருக்கும்போதே போடணும்.

கடலோரக் காகம்:
ட்ராக் பாடுற அக்கா சொன்னதை நானும் ஒருக்கா பாடிப் பாத்தன். "பாக்குதே" எண்டு எங்கட ஆக்கள் சொல்லாயினம், "பாக்குது" தான். ஆனா பாட்டில "தே" நல்லா இழுபடுது, விட்டிடுங்கோ.

வரிக்காரி:
வணக்கம். "பாட்டு எங்க"ன்னு கேட்ட அந்த ஃப்ரெண்ட் நான் தான், மெட்டு போடுற சாரு எனக்கு லிங்க் அனுப்பி "படி"ன்னு ஒரே வார்த்தைல மெசேஜ் போட்டிருக்கார். படிச்சேன். ட்ராக் பாடுற அக்காவுக்கு பெரிய கும்பிடு, "யாருமே" அருமை, ஆனா நான் அப்படியே வச்சுக்க மாட்டேன். "விளக்கு பாக்குதே"ன்னா விளக்குக்கு கண்ணு வந்துடுது, அது வேற பாட்டு. என் பாட்டுல பாக்குறவ அவ தான், விளக்கு சும்மா எரியுது, அதான் சோகமே. "இல்ல, உன் விளக்கு மாத்திரம்"னு போனா? "மா"ல நெடில் இருக்கு, நிக்கலாம்.

இப்போ சாருக்கு என் தரப்பு. டேய், வரி மெட்டுக்கு வளையணும்னு இங்க எல்லாரும் சொல்லிட்டாங்க, வளையறேன், சந்தோஷம். நீ உன் 7/8 சரணத்துல ஒரு எடத்துல கூட மூச்சு விட இடம் வைக்கல. ஏழும் ரொம்பி வழியுது, ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு எழுத்து திணிக்கணும். நான் "அப்பா செருப்பு வாசல்ல இருக்கு"ன்னு எழுதினேன், உன் கணக்குக்காக அது "வாசலிலே அப்பாவின் காலணிகள் இருக்கிறதே"ன்னு ஆச்சு. யார்டா வீட்டுல காலணிகள்னு சொல்றா? உனக்கு ஏழு நோட்டு ரொப்பணும்னு நான் பொய் எழுத முடியாது.

மெட்டுக்காரப்பய:
ஏழுல நோட்ட எடுத்தா க்ரூவே போயிடும் டி.

தவில்வீட்டுத் தாத்தா:
போகாது தம்பி. ஏழுன்னா என்ன, மிஸ்ர சாபு, தகிட தகதிமி, மூணும் நாலும். நிதி சால சுகமா கீர்த்தனையை ஜனங்க தாளம் தப்பாம தொடையில தட்டிக்கிட்டே கேக்குறாங்க, அவங்களுக்கு ஏழு பயம் கிடையாது. தகிட வரைக்கும் வார்த்தை வை, தகதிமியில கடைசி ரெண்டை மிருதங்கத்துக்கோ உன் கீபோர்டுக்கோ விட்டுடு. இடைவெளி இருந்தாத்தான் ஏழு ஏழுன்னு தெரியும், ரொப்பினா எல்லாமே ஓட்டமாத்தான் கேக்கும்.

வரிக்காரி:
தாத்தா, "அப்பா செருப்பு, வாசல்ல இருக்கு", இப்படி ரெண்டு ஏழா பிரிச்சா சரியா வருமா?

தவில்வீட்டுத் தாத்தா:
"அப்பா" தகிட, "செருப்பு" அடுத்த ரெண்டுல முடிச்சுடு, ரெண்டு சும்மா விடு. "வாசல்" தகிட, "ல இருக்கு" கொஞ்சம் நெருக்கும், பரவாயில்ல, அங்க நெருங்கட்டும்.

மெட்டுக்காரப்பய:
வாசிச்சுப் பாத்தேன். அந்த ரெண்டு பீட் சும்மா விட்ட எடத்துல பேஸ் மட்டும் ஒரு நோட் வச்சேன். வேற எதுவும் வைக்கல. @வரிக்காரி சுருதி மேல ஏத்துற எடத்த மட்டும் விட மாட்டேன், அதுல பேச்சே கிடையாது.

வரிக்காரி:
ஏத்திக்கோ. ஆனா எந்த வரிக்கு ஏத்தணும்னு நான் சொல்றேன். நாளைக்கு சாயங்காலம் வர்றேன், ஹெட்ஃபோன் ரெண்டு வை, போன தடவ மாதிரி ஆளுக்கு ஒரு காதுன்னு கேக்க முடியாது.

மிக்ஸிங் மன்னாரு:
பேப்பர்ல கையெழுத்து மறக்காதீங்க.